பெட்டி போகிற அகலம்

அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே நோயல் டேப்பை உருவிச் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டான். கட்டில் குறுக்கே கிடந்தது. அதனால் என்ன, டேப் அப்பாவின் முழங்கால்மேல் ஏறி ஓடியது. காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளச் சொன்னான். பக்கவாதம் வந்து செத்துப்போன இடது காலைக் கையால் பிடித்து இழுத்துத்தான் அவர் மடக்க வேண்டும். இழுத்ததில் கஞ்சி போர்வையில் கொட்டியது. நோயல் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே ஏதோ கணக்கை முணுமுணுத்தான்.

அக்கா ஜூடித்தான் துணி கொண்டுவந்து துடைத்தாள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் தம்பி அப்பாவுக்கு ஒரு நல்லது செய்ய வந்திருக்கிறான், அந்த நேரத்தில் முகத்தைக் காட்டக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள். அப்படி அடக்கிக்கொண்டதை நினைத்து அவள் பிற்பாடு தன்னையே காறித் துப்பாத குறைதான்.

வீடு ஆஸ்டின் டவுனில், தெருவைப் பார்த்த சின்ன வீடு. தெருவாசலில் நுழைந்தால் ஒடுக்கமான நடை. அது ஒரு முறை திரும்பினால் முன்னறை. அங்கேதான் அப்பா ரெமிஜியஸின் கட்டில். முன்னறைக்கும் தெருவுக்கும் நடுவே நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் முற்றமும் இடுப்புயரக் காம்பவுண்டுச் சுவரும். ரெமிஜியஸ் மிலிட்டரி ஸ்டோரில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைக்கார மேஜர்களிடமே விறைப்பாக நின்றவர் இப்போது பெட்பேனுக்கு மகளைக் கூப்பிட வேண்டும். ஜூடித் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துக் கான்வென்டில் டீச்சர். காலையும் மாலையும் அப்பாதான் அவளுக்கு வேலை.

நோயல் ஏரோபிளேன் பேக்டரியில் ஆபீசராகிக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டான். ஆபீசரான அன்றைக்கே அப்பா "டாடி" ஆகிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி மௌரீனோடு வந்து, அரைமணி உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு போவான். மூத்திர வாடை ஆகாதாம். அப்படிப்பட்டவன் திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாடி இருட்டில் கிடக்கிறார், அவருக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும், முற்றத்துப் பக்கச் சுவரை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்டுவிடலாம், செலவு என்னுடையது என்றான். மேலதிகாரிகள் பங்களாக்களில் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்குமே, அந்த மாதிரிக் கதவாம்.

ஆஸ்டின் டவுனில் அப்படி ஒரு கதவா என்று தெருவே வாயைப் பிளந்தது. கோயில் வாசலில் பங்குச் சாமியாரே நோயலின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எதிர்வீட்டு லட்சுமம்மா தன் பிள்ளைகளைத் திட்டினாள். ஜூடித்துக்குக்கூடக் கண் கலங்கியது. இத்தனை நாள் தம்பியை மட்டமாக நினைத்துவிட்டோமே என்று ராத்திரி ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அப்பா மட்டும் அதில் சேரவில்லை. சுவரை இடிப்பதைப் பற்றி நோயல் கேட்டதற்கு, சுவரையே கொஞ்ச நேரம் பார்த்திருந்தார். பிறகு, "ஜூடித் சரின்னா சரி" என்றார். ஆக, அந்தச் சுவர் நிற்பதும் விழுவதும் அவள் வாயில்தான் இருந்தது.

சனிக்கிழமை நோயலும் மௌரீனும் ஜூடித்தும் கதவு பார்க்கப் போனார்கள். லால்பாக் ரோட்டில் ஸ்டீல் ஜன்னலும் கண்ணாடிக் கதவும் செய்கிற கம்பெனி ஒன்று. சுந்தரேசன் என்ற சேல்ஸ்மேன் கைகுவித்து வரவேற்றார். சுவர் எதுவும் இல்லாமல், வெறும் தரையில் கதவுகளை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். திறந்தால் ஒரு இடத்துக்கும் போகாத கதவுகள். அவர் கழுத்து வேர்வையைத் துடைத்த கைக்குட்டையாலேயே, கண்ணாடிமேல் ஹா என்று வாயால் ஊதித் துடைத்துக் காட்டினார். வாயின் ஈரம் கண்ணாடியில் வட்டமாகப் படிந்து மெல்ல மறைந்தது. ஜூடித் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்குப் பிடித்தது ஸ்லைடிங் கதவு. இரண்டு பெரிய கண்ணாடிகள், ஒன்றின் பின்னால் ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்து போயின. இடத்தை அடைக்காது, கட்டிலில் இடிக்காது. கீழே அது ஓடுகிற பள்ளத்தில் செத்த ஈக்கள் காய்ந்து கிடந்தன என்றாலும், தினம் ஒரு துணியால் துடைத்தால் போகிறது. இதுவே போதும் என்றாள்.

நோயல் மறுத்துத் தலையாட்டினான். ஸ்லைடிங் வேண்டாம், எவ்வளவு தள்ளினாலும் பாதி வாசலை அடைத்துக்கொண்டேதான் இருக்கும். மடக்குக் கதவுதான் வேண்டும், விசிறி மாதிரி மடங்கி இரண்டு ஓரத்திலும் ஒதுங்கிவிட வேண்டும், நடுவில் கம்பம் கிம்பம் ஒன்றும் நிற்கக்கூடாது என்றான். கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்க வேண்டும். முற்றத்தில் நிற்கிறவனுக்கு உள்ளே நடப்பதெல்லாம் தெரிய வேண்டும்.

ஜூடித்துக்கு விளங்கவில்லை. உள்ளே கிடக்கிற அப்பாவுக்கு அல்லவா வெளியே தெரிய வேண்டும்? கேட்க வாயெடுப்பதற்குள் சுந்தரேசன் முந்திக்கொண்டார். முழுத் திறப்பு என்றால் ஏதாவது பெரிய சாமான் உள்ளே போக வேண்டுமா, எந்த அளவு என்று கேட்டார்.

"உள்ள போறதுக்கு இல்ல, வெளிய வர்றதுக்கு" என்றான் நோயல். "ஆறரை அடி நீளம். தூக்கறவங்க இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் மூணு பேர். நேரா வரணும். சாய்க்கக் கூடாது."

"பியானோவா சார்?"

நோயல் தொண்டையைச் செருமினான். "அந்த மாதிரிதான்."

சுந்தரேசன் பியானோவுக்கு ஏற்ற அகலத்தைக் குறித்துக்கொண்டார். நோயல் இரண்டு உள்ளங்கையையும் சட்டம் மாதிரிக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். மௌரீனை இந்தப் பக்கம் நிற்கச் சொன்னான். "அக்கா, நீங்க அந்தத் தலைமாட்டுப் பக்கமா நில்லுங்க" என்றான்.

தலைமாடு என்ற சொல்லில்தான் ஜூடித்துக்குப் புரிந்தது. அங்கே கட்டிலும் இல்லை, மேசையும் இல்லை. அவளுக்கும் மௌரீனுக்கும் நடுவில் வெறுந்தரை. அந்த வெறுந்தரையில் தம்பி யாரைக் கிடத்தியிருக்கிறான் என்று தெரிந்ததும் அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவர்கள் இனத்தில் ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். தங்கவயலில் இருக்கிற சித்தப்பாவுக்கும் மதராஸில் இருக்கிற அத்தைக்கும் ஒவ்வொரு காப்பி போகும். வராதவர்கள் அதைப் பார்த்து அழுதுகொள்ள வேண்டும். அம்மா செத்தபோது முன்னறை இருட்டில் போட்டோ சரியாக விழவில்லை. படத்தில் நோயலின் தலை நிலைச்சட்டத்தில் வெட்டுப்பட்டு, கழுத்துவரைக்கும் கோட்டு போட்ட ஒரு உடம்பு மட்டும் அம்மாவின் பெட்டியருகே நின்றது.

அதைவிட மோசம் பெட்டியை வெளியே எடுத்தது. நடையின் திருப்பத்தில் பெட்டி திரும்பவில்லை. முன்னால் போனால் சுவர், பின்னால் வந்தால் கதவு. கடைசியில் நிமிர்த்தி, அம்மாவைச் செங்குத்தாக நிற்க வைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

கம்பெனிக்கு எதிரே ஒரு ஓட்டல். அக்காவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நோயல் அங்கே கூட்டிப்போனான். அவளுக்குக் காப்பி, தங்கள் இருவருக்கும் மசால் தோசை. ஜூடித் நேராகவே கேட்டாள். இந்தக் கதவு அப்பா இருப்பதற்கா, போவதற்கா? அவன் தடுமாறவேயில்லை. தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே பேசினான்.

"அம்மா சாவுல என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? எங்க ஒர்க்ஸ் மேனேஜர் தெருவுல தொப்பிய கையில வெச்சுக்கிட்டு நின்னாரு. அவர் எதிர்ல பெட்டிய நிமித்தி எடுத்தோம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தத் தபா ஜெனரல் மேனேஜரே வருவாரு. டாடிய நல்லா வெச்சு, கதவ முழுக்கத் தொறந்து விட்டா, முத்தத்துல நிக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். வெளிச்சம் இருக்கும், போட்டோ நல்லா வரும். அதுக்கோசரம்தான்."

அவன் கீழுதட்டில் சட்னி ஒட்டியிருந்தது. பேசப் பேச அது ஆடியது. ஜூடித் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாய்க்கு எத்தனை நாள் சோறு ஊட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கைமேலேயே அருவருப்பு வந்தது. அப்பா இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாரே என்றாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டதாக நோயல் சொன்னான். அப்பாவுக்கு மழைக்காலம் தாண்டாதாம். அதனால்தான் கதவு சீக்கிரம் வந்தாக வேண்டும் என்கிறான். பெற்ற பிள்ளை டாக்டரிடம் போய் மருந்து கேட்கவில்லை, தேதி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். இவன் செய்கிறது நல்ல காரியம் என்று மண்டியிட்டு வேறு ஜெபம் செய்தோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மௌரீன் தோசையைத் தள்ளி வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஜூடித்தின் கையைப் பிடித்தாள். "சும்னே மனச கெடுத்துக்காதீங்க அண்ணி. கதவு எங்க போவப்போவுது? நாளைக்கு உங்களுக்கும் உபயோகப்படும்."

ஜூடித் காப்பியைக் குடிக்கவில்லை. பஸ் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தாள்.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே தீர்மானம். அப்பாவிடம் போய், வேண்டாம் என்று ஒரு வார்த்தை. சுவர் நிற்கும், நோயல் தன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ஆனால் முன்னறைக்குள் நுழைந்து, தலையணையில் சாய்ந்திருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் காரணத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் மகன் உங்கள் பெட்டிக்குக் கதவு பார்க்கிறான் என்றா சொல்வது? அந்தக் கதவு வேண்டாம் அப்பா, குளிர் அடிக்கும் என்றாள்.

அவர் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்க உதடு மட்டுமே சிரிக்கும்.

"பெட்டிக்குள்ள குளிராதும்மா" என்றார்.

ஜூடித் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அளந்த அன்றைக்கே அவருக்குத் தெரியுமாம். சுவரை அளந்து முடித்தவன், டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் அவருடைய தோளுக்குத் தோள் ஒரு தடவை பிடித்துப் பார்த்தானாம். கஞ்சியைத் துடைக்கிற அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. முப்பது வருஷம் ஸ்டோரில் இருந்தவனுக்கு எந்தச் சாமானுக்கு எந்த அளவு எடுக்கிறார்கள் என்று தெரியாதா என்றார்.

இதை அவர் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தம்பிமேல் இருந்த கோபம் அவர்மேல் திரும்பியது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களா, அவன் உங்களை மரச்சாமான் மாதிரி அளக்கிறான், உங்களுக்கு ரோஷம் வரவில்லையா, சீ, எனக்குக் குமட்டுகிறது என்று கத்திவிட்டாள். அப்பாவிடம் அவள் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல கையால் போர்வையை நீவிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவ நிமித்தறப்ப உள்ள டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுதும்மா. நான்தான் பக்கத்துல இருந்தேன். வேற யாருக்கும் கேக்கல."

ஜூடித்துக்கும் கேட்டிருந்தது. நாலு வருஷமாக அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"இந்த வீட்டுல நாப்பது வருஷம் நடந்தவள கடைசியில நிக்க வெச்சு அனுப்பினோம். நான் படுத்துக்கிட்டே போறேன். கதவு இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, வேறு குரலில், ஹெட் கிளார்க் குரலில் சொன்னார்: "ஆனா அந்தக் கண்ணாடி வேணாம். போற வர்றவன்லாம் நான் பெட்பேன்ல உக்காந்திருக்கறத பாக்கறதுக்கு நான் என்ன பொருட்காட்சியா? செத்தப்புறம் பாத்துக்கட்டும். உசுரோட இருக்கற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாது. வெளிச்சம் மட்டும் வர்ற மாதிரி ஒண்ணு பாத்துப் போடு."

திங்கள்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஜூடித் நேராக லால்பாக் ரோட்டுக்குப் போனாள். சுந்தரேசனிடம் கதவு அதேதான், மடக்குக் கதவு, அகலம் அப்படியே இருக்கட்டும், கண்ணாடி மட்டும் மாற வேண்டும் என்றாள். மேலிருந்து கீழ்வரை மங்கல் கண்ணாடி. அவர் தயங்கினார். சார் பளிங்கு மாதிரி வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாரே என்றார்.

"பியானோவுக்கு வெயில் ஆகாது" என்றாள் ஜூடித்.

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. மங்கல் கண்ணாடியில் ஒரு துண்டை எடுத்துவந்து காட்டினார். அதன் பின்னால் அவர் கையை ஆட்டியபோது கை தெரியவில்லை, ஏதோ அசைகிறது என்பது மட்டும் தெரிந்தது. கண்ணாடியை முகத்தருகே கொண்டுபோனார். அவர் வாயைத் திறப்பதற்குள், ஊத வேண்டாம் என்று ஜூடித் சொல்லிவிட்டாள்.

சுவரை இடித்த வாரம் வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. அப்பாவைச் சமையலறைப் பக்கம் மாற்றிப் போட்டார்கள். அங்கே அவர் இருமியபடி கிடந்தார். தெருவில் போகிறவர்கள் நின்று நின்று பொத்தலைப் பார்த்தார்கள். சுவரில்லாத வீட்டை ஆடையில்லாத ஆளைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவன் காம்பவுண்டுக்குள்ளேயே வந்து, தலையை உள்ளே நீட்டி, இங்கே கடை வரப்போகிறதா என்று கேட்டான். ஜூடித் விளக்குமாற்றைக் கையில் எடுத்தபிறகுதான் போனான்.

வெள்ளிக்கிழமை கதவு ஏறியது. அப்பாவை மறுபடி முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அறையில் அவ்வளவு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை. பால் மாதிரி வெள்ளையாக, கண்ணைக் கூசாமல், ஒரே சீராக உள்ளே வந்தது. தெருவில் போகிறவர்கள் கண்ணாடியில் கறுப்புத் தீற்றல்களாக நகர்ந்தார்கள். இன்னார் என்று தெரியவில்லை. அப்பா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஒரு வருஷமாக அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. பிள்ளை எதற்குப் போட்டானோ, வெளிச்சம் வெளிச்சம்தான். இருந்தும், அந்த அகலத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஜூடித்துக்கு இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் மூணு பேர் என்றே கண்ணில் பட்டது. தாழ்ப்பாளை மேலும் கீழும் இழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் அப்பாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டையைக் கழற்றிவிட்டு, முதுகுக்கு வெந்நீர்த் துணி வைத்திருந்தாள். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நோயல் தெருவாசலுக்குப் போகவில்லை, நேரே கதவைப் பார்க்கத்தான் வந்தான். பிறகு கண்ணாடியில் விரலால் தட்டினான். யாரைக் கேட்டு இதைப் போட்டீர்கள், உள்ளே ஒன்றுமே தெரியவில்லையே, போட்டோ எப்படி வரும், ஜெனரல் மேனேஜர் வந்தால் என்ன நினைப்பார் என்று வெளியிலிருந்து கத்தினான். மௌரீன், தெருவில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அவனை அடக்கப் பார்த்தாள்.

ஜூடித் துணியைப் பிழிந்து அப்பாவின் கழுத்தைத் துடைத்தாள்.

தட்டுவது நின்றது. நோயல் இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி உள்ளே பார்க்க முயன்றான். மங்கல் கண்ணாடிக்கு ஒரு குணம், தள்ளி நிற்பதை மறைத்துவிடும், ஒட்டிக்கொண்டதைக் காட்டிவிடும். மூக்கு சப்பி, உதடு பிதுங்கி, வெளுத்த சதை ஒரு திட்டாக அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சில் அதைச் சுற்றிலும் ஈரம் படர்ந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கறைகள் இங்கும் அங்கும் உருண்டன. தான் வளர்த்த தம்பி என்று தெரிந்தும் ஜூடித்துக்கு உடம்பு கூசியது. அவசரமாகத் துண்டை எடுத்து அப்பாவின் மார்பை மூடினாள்.

அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோயல்தான்ப்பா" என்றாள் ஜூடித்.

"தெரியும்" என்றார் ரெமிஜியஸ். "இன்னும் நேரம் வரலன்னு சொல்லி அனுப்பும்மா."

ஜூடித் எழுந்து கதவருகே போனாள். தாழ்ப்பாளைத் தொடாமல், அந்த வார்த்தையை அப்படியே சொன்னாள்.